ஆறாவது மாடிக் கறிவேப்பிலை

ஆறாவது மாடி பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. முளைத்த நாளிலிருந்து அது தரையைத் தொட்டதில்லை. வீட்டுக்காரி பூங்கோதை வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் தோட்டத்தோடு வீடு பார்த்துவிட்டாள் என்று காதில் விழுந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. பாரம் குறையட்டும் என்று பழுத்த இலைகளைத் தானே உதிர்த்துக்கொண்டது.

"செடியெல்லாம் ஃபிளைட்ல ஏத்தமாட்டாங்கம்மா," என்றது பரணிலிருந்து இறக்கி வெயிலில் வைத்திருந்த பெட்டி. "துளி மண்ணு ஒட்டியிருந்தாலே அங்க விடமாட்டாங்க."

புறப்படுகிற வாரம் பூங்கோதை வந்தாள். ஓர் இலை விடாமல் உருவி, நிழலில் உலர்த்தி, பொடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மொட்டைக் குச்சியாக நின்ற செடி மெல்லக் கூப்பிட்டது.

"பெட்டியண்ணே, அங்க தோட்டத்து மண்ணைப் பார்த்தா, நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க."