வாத்தியார் குடித்த காபி

கோப்பை கைக்கு வந்ததும் நான் ஒரே மடக்கில் குடித்துத் தொலைத்தேன். கேட்க வந்தது கிடைக்கும்வரை விருந்தாளி காபியைத் தொடக்கூடாது என்பது அம்மான் நகரில் குழந்தைக்கும் தெரியும். எனக்காகப் பேசக் கூட வந்த பெரியவர் ஹாஜி ஷுஐப் என் தொடையைக் கிள்ளினார்.

“நல்ல தாகம் போல,” என்றார் வீட்டுக்காரர் நவ்ஃபல். “ரெண்டு பேரும் கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க ஹாஜி. என்ன விஷயம்?”

“உங்க பொண்ணு தீமா விஷயமா…”

“அவளுக்குப் பதினெட்டுதான். கல்யாணப் பேச்சே வேணாம். அதுவும் இந்த வழுக்கைத் தலைக்கா?”

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஐயோ, நான் அவளோட கெமிஸ்ட்ரி டியூஷன் வாத்தியாருங்க!” என்றேன். “அவளுக்குப் பயோகெமிஸ்ட்ரிக்கு இங்கயும் இர்பித் ஊர்லயும் ரெண்டு யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருக்கு. நீங்க உள்ளூர்லயே படிங்கிறீங்க. இங்க பாதிப் பாடம் புத்தகத்தோட சரி. இர்பித்ல முதல் வருஷமே லேப். அங்க ஹாஸ்டல்ல விடுங்கன்னு கேக்கத்தான் வந்தோம்.”

“அவளா அனுப்பினா?”

“கோட்டுகூட அவ சொல்லித்தான் போட்டேன்.”

நவ்ஃபல் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து என் காலிக் கோப்பையை நிரப்பினார்.

“இர்பித்துக்கே போகட்டும். இப்பக் குடிங்க, வாத்தியாரே.”