கூந்தற்பனை லேகியம்

ராஜகிரி மலையின் நிழல் தெருவை முக்கால்வாசி மூடிவிட்டது. சிறுநீர் அடைத்து முனகும் கணவர் சீதளநாதனின் வாயருகே சந்தனா கூந்தற்பனைப் பழ லேகியத்தை நீட்டுகிறாள். வேளைக்குச் சுண்டைக்காயளவு, மிஞ்சினால் தொண்டை வீங்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அவள் விரலில் நெல்லிக்காயளவு இருக்கிறது. "இன்னா, இவ்ளோ?" என்கிறார் கணவர். "ராத்திரி வேளையும் சேத்துதாங்க. சமணர் வூட்ல பொழுது சாஞ்சா தண்ணிகூட வாயில படாதே." "சரி, சூரியன் ஓடறதுக்குள்ள முடிச்சிடு" என்று சிரித்தபடி விழுங்குகிறார். ஒரு மணி நேரத்தில் முனகல் நிற்கிறது. சந்தனாவுக்கு நிம்மதியாக இருக்கிறது. பிறகுதான் அவர் உதடுகள் அசைவதைப் பார்க்கிறாள், சத்தமே வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பைக் காட்டுகிறார். அவள் செம்பைத் தூக்குகிறாள். கண் தானாகச் சன்னலுக்குப் போகிறது. வெளியே இருட்டிவிட்டது, மலை தெரியவில்லை. செம்பு பாதி வழியில் நிற்கிறது.