வாசலுக்கு நேரே ஒரு சன்னல்

முற்றத்துக் குளம் முழுக்கச் சர்க்கரைத் தண்ணீர். எலுமிச்சை பிழிந்து, மலைப்பனி அள்ளிப் போட்டது.

டமாஸ்கஸ் நகரமே கிண்ணமும் கையுமாக, என் அக்கா கட்டிய மதரஸாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. திறப்பு விழா முரசுச் சத்தத்தில் என் வீட்டு மாடிப் புறாக்கள் கலைந்து பறந்தன.

நான் மட்டும் உள்ளே போகவில்லை. தெருப்பக்கத்துச் சன்னலை நோக்கி நடந்தேன்.

சண்டை போட.

நான் விரும்பியவரைக் கைப்பிடித்தபோது, அக்கா ஸுமுருத் நிக்காஹுக்கு வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. கணவர் இறந்து, பிள்ளையும் இல்லாமல் நான் தனியாளானபோது ஆள் அனுப்பினாள். நான் கதவைத் திறக்கவில்லை.

பிறகுதான் என் வாசலுக்கு எதிரே இந்த மதரஸா எழுந்தது.

கட்டியவரை அடக்கம் செய்ய அதற்குள்ளேயே கபர் அமைப்பது எங்கள் ஊர் வழக்கம். தெருவில் போகிறவர்கள் நின்று இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போகட்டும் என்று அதற்கொரு சன்னலும் வைப்பார்கள்.

கடைத்தெரு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆயிரம் பேர் நடக்கிற தெரு. அக்கா சன்னலை வைத்ததோ, என் வாசலுக்கு நேரே.

நாளைக்கு அவள் போய்ச் சேர்ந்தால், நான் காய்கறி வாங்கப் படியிறங்கினாலும் அவளுக்கு ஓதியாக வேண்டும். செத்த பிறகும் என்னைப் பணிய வைக்கிற திட்டம்.

கம்பிகளுக்குப் பின்னால், குவிமாடத்தின் கீழே, ஆண்கள் கூட்டத்தை விட்டு ஒதுங்கி அவள் உட்கார்ந்திருந்தாள். எப்போது இவ்வளவு நரைத்தாள்?

"ஊர்ல வேற சுவரே கிடைக்கலையா உனக்கு? இந்தச் சன்னலை அடைச்சிடு."

"அடைச்சா உனக்குத்தாண்டி மூச்சு முட்டும், லூலு."

அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட ஊரில் வேறு ஆளில்லை.

அவள் எழுந்து வந்தாள். குளிர்ந்த கிண்ணம் ஒன்று கம்பி வழியே என் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டே உள்ளே பார்த்தேன்.

பளிங்குத் தரையில், செங்கல் அடுக்கிய குழி ஒன்றல்ல. இரண்டு. அக்கம்பக்கமாக.

முரசு என் காதுக்குள்ளேயே அடித்தது.

"உள்பக்கம் எனக்கு," என்றாள் அக்கா. "சன்னலோரம் படுக்கலேன்னா நீதான் தூங்கவே மாட்டியே."