கூட்டிய வாசல்

என் மனைவி துஷ்யந்திக்கு இடுப்புவலி தொடங்கியபோது தெரு முழுக்கப் பனி. பனியள்ளும் வண்டி வந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும். தெருவுக்கு ஒன்றாக நகரசபை வைத்திருக்கும் அளவுத் தட்டு, கொட்டும் பனியை அளக்கும். எங்கே வேகமாகக் கொட்டுகிறதோ அங்கேதான் வண்டி முதலில் போகும். எங்கள் தெருவின் தட்டு எங்கள் வாசற்படியில் இருந்தது.

வண்டி அனுப்பும் அலுவலகத்துக்கு அழைத்தேன். தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண். "அண்ணை, உங்கட தெருவில பனியே கொட்டேல்லையாம். பூச்சியம் எண்டு காட்டுது."

"பிள்ளை, முழங்காலளவு கிடக்குது!"

"நான் என்ன செய்யிறது? வண்டி தட்டைத்தானே நம்பும்."

கதவைத் திறந்தேன். தட்டு பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் பனி ஒட்டிய தும்புத்தடி, வாசல் கூட்டுகிற துடைப்பம்.

"வாசல் கூட்டினீரோ?"

"விடிஞ்சதிலயிருந்து கூட்டிக்கொண்டுதான் இருக்கிறன்," சுவரைப் பிடித்தபடி துஷ்யந்தி முனகினாள். "கூட்டாத வாசலுக்கே பிள்ளையைக் கொண்டு வாறது?"

"பிள்ளை, இப்ப நானே அள்ளிப் போடுறன்," என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே பனியை அள்ளித் தட்டில் கொட்டினேன்.

"கையால போட்டால் அது எடுக்காது அண்ணை," என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "வானத்திலயிருந்து விழவேணும்."

முழங்காலளவு பனிக்குள் நின்று, இன்னும் கொட்டு என்று வானத்தைக் கெஞ்சினேன். மேகம் கலைந்து வானம் வெளித்துவிட்டிருந்தது.