அத்தான் வாங்கிய பழைய கார்

அரதப் பழசான குட்டி பேட்டரி கார் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார் அவர். அடுத்து வரும் பழைய கார் கண்காட்சியில் முதல் பரிசு தட்டவேண்டும் என்பது கனவு.

“ரிப்பேர் செலவுக்கு எங்க போவீங்க?” என்றாள் மனைவி.

“பழசை ரிப்பேர் பண்ணினாத்தான் செலவு. மலிவா புதுசு வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுது!”

மோட்டார், கிழிந்த சீட்டு, நசுங்கிய கதவு, கடைசியில் துருப்பிடித்த அடிச்சட்டம் வரை மாற்றியாயிற்று. கழற்றிப் போட்டதையெல்லாம் மச்சினன் முகம் சுளிக்காமல் அள்ளிக்கொண்டு போனான்.

“குப்பையை நான் பாத்துக்கறேன் அத்தான்.”

கண்காட்சிக்கு வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நடுவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“எல்லாமே புதுசா இருக்கே சார். இதுல பழசுன்னா நீங்க மட்டும்தான்.”

முதல் பரிசு பக்கத்து வண்டிக்கு. எரிச்சலோடு எட்டிப் பார்த்தார். கிழிந்த சீட்டு, நசுங்கிய கதவு, எல்லாம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தன. உள்ளேயிருந்து கோப்பையோடு இறங்கினான் மச்சினன்.

“தூக்கிப் போட மனசு வரல அத்தான். அப்படியே சேத்து மாட்டிட்டேன்.”

கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கயிறு ஒன்றை அவரிடம் நீட்டினான் மச்சினன்.

“போகும்போது உங்க வண்டியில கட்டி இழுத்துட்டுப் போயிடுங்க. இது ஓடாது.”