மாப்பிள்ளை வீட்டார் முன்னே

அகத்தியர் கூடம் மலையின் உச்சிக்கு இன்னும் ஒரே ஒரு பாறைதான் பாக்கி. அந்நேரம் பார்த்து, மேலே ஏறுவதற்காகக் கட்டியிருந்த கயிற்றின் அடியில் சாவகாசமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார் சற்குணம்.

"சம்மந்தி, ஒரு ஆரஞ்சு தின்னுட்டுப் போலாமா?"

காலையிலிருந்து இது எட்டாவது ஓய்வு. பின்னால் நின்ற நேசையனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஆயினும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "தின்னுங்க, தின்னுங்க. மலை எங்க ஓடிரப் போவுது?" என்றார்.

வழிகாட்டி அனூப் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"சாரே, மணி பத்தே முக்கால். பதினொண்ணுக்கு மேகம் கேறி மூடிரும். அதுக்குள்ள கயிற்றைப் பிடிக்காட்டி ரெண்டு பேரையும் கீழ கூட்டிட்டுப் போயிருவேன். பின்ன என்னைக் குத்தம் சொல்லப்படாது, கேட்டோ."

நேசையனுக்குத் திக்கென்றது. பழவங்காடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அவருக்கு, மூன்று ஆண்டுகள் விண்ணப்பித்து இந்த முறைதான் மலையேற அனுமதி கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பின் மலையை மறந்துவிட வேண்டும் என்பது மருத்துவரின் உத்தரவு.

முந்திக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படிப் போவது? முன்னால் இருப்பவர் மகள் ஷீஜாவின் மாமனார் ஆயிற்றே! பெண்ணைக் கொடுத்தவர், மாப்பிள்ளை வீட்டாருக்கு முந்தி நடப்பதாவது! திருமணமான இந்த ஆறு ஆண்டுகளில், சற்குணம் இலையில் கை வைக்குமுன் நேசையன் ஒரு பருக்கை உண்டதில்லை. அவர் உட்காருமுன் தாம் உட்கார்ந்ததில்லை.

பாசி போர்த்திய குள்ள மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கியபடி மேகம் மேலேறி வந்தது. அது காலைத் தொட்டதும், வானத்திலேயே நிற்பதுபோல் நேசையனுக்குக் கிறுகிறுத்தது. சிறுபிள்ளைபோல் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

சற்குணமோ, சுளையிலிருந்து நாரை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார்.

"பழவங்காடியில பழம் கொள்ளாம், நல்ல இனிப்பு. ஆளுகதான் நடையில கொஞ்சம் மந்தம். இல்லியா, சம்மந்தி?"

"மந்தமா? நானா?"

"பின்ன? ரெண்டு நாளா என் முதுகைத்தானே பாத்துட்டு வாரீரு!"

அனூப் பையைத் தோளில் மாட்டினான். "செரி சாரே, எறங்கலாம்."

அவ்வளவுதான். ஆறு ஆண்டுப் பொறுமையும் அந்தப் பாறையிலேயே முடிந்துபோயிற்று.

"மாறும் ஓய்!" என்று கத்தினார் நேசையன். "நீரும் உம்ம ஆரஞ்சும்! வழியை விடும்!"

மாப்பிள்ளையின் தகப்பனாரை 'ஓய்' என்று விளித்த நாக்கைக் கடித்துக்கொள்ளவும் நேரமில்லை. தாண்டிப் போய்க் கயிற்றைப் பற்றினார். கால் வழுக்கியது, சிரிப்பு வந்தது. முழங்கால் இடித்தது, மேலும் சிரிப்பு வந்தது.

உச்சி!

நாற்புறமும் வெள்ளைக் கடல். காற்று வந்து தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. "போட்டே! போட்டே! போனாப் போவட்டும்!" என்று கைகொட்டிக் கூவினார் நேசையன்.

பிறகுதான் உறைத்தது. ஐயோ, ஷீஜா! இனி அந்த வீட்டில் அவள் தலைநிமிர்ந்து நடப்பாளா? மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு மெல்லக் கீழே எட்டிப் பார்த்தார்.

சற்குணம் கயிற்றைப் பற்றி, மூச்சு வாங்காமல் மடமடவென ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் அனூப் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"பாத்தியா மக்கா!" என்றார் சற்குணம் அவனிடம். "'எங்க அப்பா உங்க பின்னாலயே நடக்கிறத எப்பிடியாவது நிறுத்துங்க மாமா'ன்னு மருமவ அழாத நாளில்ல. சொன்னா கேக்கிற மனுசனா இவரு? கடைசில மலை மேல வச்சுச் சண்டைக்கு இழுக்க வேண்டியதாப் போச்சு!"