அடைத்த மடை

"தன் நெல்லு அழுகிப் போனாலும் பரவால்ல, என் குட்டைக்குத் தண்ணி வந்துடக் கூடாதாம். என்னா மனசு மேடம் இது? நீங்களே வந்து பாருங்க."

பாலசமுத்திரம் விவசாய ஆபீசுக்குள் நனைந்தபடியே வந்து நின்றார் துலுக்காணம். ஆபீசர் நீரஜா ஃபைலை மூடினாள்.

"யாருண்ணா?"

"ஜெயகுமாரி. செத்துப்போன எர்னஸ்ட் பொண்டாட்டி."

துலுக்காணம் வேர்க்கடலையில் தொடர்ந்து அடிபட்டு, இந்த வருஷம் தன் குட்டையில் மீன் விட்டிருந்தார். வெயிலில் தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு வற்றிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. இந்த நேரத்தில்தான், யாரும் எதிர்பாராமல் காலையில் நல்ல கோடை மழை.

மேட்டில் இருப்பது ஜெயகுமாரியின் நெல் நிலம். அங்கே மிஞ்சும் தண்ணீர் எப்போதும் வடிகால் வழியாக இந்தக் குட்டைக்குத்தான் இறங்கும். இன்று ஒரு சொட்டு வரவில்லை. போய்ப் பார்த்தால், மடையில் மண்மூட்டை அடுக்கி அடைத்து வைத்திருந்தாள்.

நீரஜா ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவள் போவதற்குள் வரப்பில் ஒரு கூட்டமே சேர்ந்திருந்தது. மீன் பார்க்கச் சித்தூரிலிருந்து வந்த வியாபாரி கோபிகிருஷ்ணனும் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மடைமேல் மண்வெட்டியோடு ஜெயகுமாரி. அவளுக்குப் பின்னால் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது.

"அக்கா, பயிரு மூழ்கிக்கினு இருக்குது. மடையத் தொறங்க."

"தெரியுது மேடம். இன்னிக்குத் தொறக்க மாட்டேன்."

"ஏன்?"

ஜெயகுமாரி கூட்டத்தை ஒரு முறை பார்த்தாள். "என் நெலம், என் தண்ணி. வேற என்னா சொல்றது?"

"கேட்டுக்கினீங்களா?" என்றார் துலுக்காணம். "எர்னஸ்டுக்கும் எனக்கும் வரப்புத் தகராறு. அவன் சாவுக்கு நான் போகல. அத மனசுல வச்சிக்கினு இப்பப் பழி வாங்கறா."

கூட்டத்திலிருந்து ஜெயம்மா சேர்ந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம ஆனா மொத ஆளா சர்ச்சுல போயி முட்டி போடறா. பக்கத்து நெலத்துக்காரனுக்குக் கொஞ்சம் தண்ணி விட மனசு வரல."

ஜெயகுமாரி மண்வெட்டிப் பிடியை மாற்றிப் பிடித்தாள்.

ஒருவன் இறங்கி மூட்டையை இழுக்கப் போனான். அவள் மண்வெட்டியைக் குறுக்கே வைத்தாள்.

"யாரும் கை வெக்கக் கூடாது."

"அக்கா, நாளைக்கு இவரு புகார் குடுத்தாருன்னா நான் உங்க மேலதான் எழுதணும்" என்றாள் நீரஜா.

"எழுதிக்கோங்க மேடம்."

புருஷன் போனபிறகு தனியாளாக நின்று பயிர் செய்கிறவள் என்று ஜெயகுமாரிமேல் நீரஜாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. அது அந்த வரப்பிலேயே கரைந்துகொண்டிருந்தது.

கோபிகிருஷ்ணன் குட்டையில் வலை வீசச் சொன்னார். வந்த மீனைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"பாகுந்தி, நல்லா இருக்குது. நல்லா வளத்திருக்க. அடுத்த வாரம் வண்டி அனுப்பறேன். அதுவரைக்கும் தண்ணிக்கு வேற வழி பாத்துக்க." போகும்போது மடைப் பக்கம் கையைக் காட்டினார். "பாவம்யா நீ. இப்படியும் இருக்கறாங்க ஜனங்க."

அவர் வேன் மெயின் ரோட்டில் ஏறியது. மழையும் வலுத்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது; துலுக்காணமும் நீரஜாவும் மட்டும் மடையருகே நின்றார்கள்.

வேன் கண்ணுக்கு மறைகிறவரை ஜெயகுமாரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, எர்னஸ்ட் இறந்ததற்கப்புறம் முதல் தடவையாகத் துலுக்காணத்தோடு நேராகப் பேசினாள்.

"அண்ணா, என் போர் மோட்டாரப் போடறேன். பைப்பு இழுத்து உன் குட்டைய ரொப்பிக்கோ. இந்தத் தண்ணி மட்டும் வேணாம்."

"ஏன், இதுக்கு என்னா கேடு?"

"காலைலதான் நெலம் பூரா யூரியா எறைச்சேன். கை கூட கழுவல, மழ புடிச்சிக்கிச்சு. அவ்வளவும் இந்தத் தண்ணிலதான் கரைஞ்சிக்கினு இருக்குது."

துலுக்காணம் நீரஜாவைப் பார்த்தார்.

"நெஜந்தாண்ணா" என்றாள் நீரஜா. குரல் இறங்கியிருந்தது. "குட்டைல இருக்கறதே கொஞ்சம் தண்ணி. யூரியா எறங்கினா இந்தச் சூட்டுல அது விஷமாயிடும், மீன் தாங்காது. உரம் போட்டா சில நாளு தண்ணிய நெலத்துலியே நிறுத்தணும்னு மீட்டிங்ல சொன்னவளே நான்தான். எப்ப உரம் போட்டீங்கன்னு ஒரு வார்த்த கேக்காம விட்டுட்டேன்."

துலுக்காணம் மூழ்கிக் கிடந்த பயிரைப் பார்த்தார்.

"உன் நெல்லு?"

"பாதி தேறும்ணா."

மேல் மூட்டை ஒன்று சரிந்து, அதன் இடுக்கில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. துலுக்காணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கினார். மூட்டையைத் தூக்கி வைத்து, சேற்றை வாரி அப்பி, காலால் மிதித்தார். கசிவு நின்றது. அவர் நிமிரவில்லை.

"எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசினாங்களேம்மா. நானும்தான் பேசினேன். இத அப்பவே சொல்லி இருக்கலாமே?"

ஜெயகுமாரி மோட்டார் ஷெட்டுக்கு நடந்துகொண்டே சொன்னாள்:

"யாவாரி பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தாரு? யூரியாத் தண்ணின்னு அவரு காதுல விழுந்திருந்தா, உன் மீன அப்புறம் யாருண்ணா வாங்குவாங்க?"